பதிப்பு, அச்சு, வெளியீடு: எதை எங்கே போடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். உங்கள் அப்பப்பா (அப்பாவின் தகப்பன்) 1974இல் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதி அச்சடித்த சின்னப் புத்தகம், இடப்பெயர்வுகளுக்குத் தப்பி ஒரேயொரு பிரதி உங்களிடம் இருக்கிறது. அதைத் திரும்பத் தட்டெழுதி, சில குறிப்புகளும் சேர்த்து அச்சிடப் போகிறீர்கள். உள்ளே 'முதற் பதிப்பு' என்று இருக்கிறது. இனிப் போட வேண்டியது இரண்டாம் பதிப்பா, மறுபதிப்பா, மீள்பதிப்பா, இரண்டாம் அச்சா என்று புதுக்குடியிருப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூடவே, பதிப்பு என்ற சொல்லே எங்கிருந்து வந்தது, பதிவும் பதிகமும் அதே வேரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது சொல்லின் பிறப்பு. ஆனால் உங்களுக்கு உண்மையில் வேண்டியது, புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் என்ன எழுதினால் நாளைக்கு ஒருவர் பிழை சொல்ல மாட்டார் என்பது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியதுதான், ஆகவே சொல்லிலிருந்தே வருகிறேன். நான் மொழியியல் படித்தவன் அல்ல. கிளிநொச்சியில் ஈய எழுத்துக் கோத்துத் தொழில் பழகி, பிறகு ஓவ்செற்றுக்கு மாறி, இப்போது கொம்பியூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுக்கிற ஆள். வேர்ச்சொல்லில் அகராதிக்காரர் நிற்கிற இடத்தில் நானும் நின்றுவிடுவேன். தாளும் மையும் என்று வந்தால் கொஞ்சம் உறுதியாகவே பேசுவேன்.

பதி என்ற வினை இரண்டு விதமாக நடக்கும். சேற்றில் கால் பதிகிறது, சொன்னது மனத்தில் பதிகிறது என்பது தானாக நடப்பது. மோதிரத்தில் கல் பதிக்கிறார், தரைக்கு ஓடு பதிக்கிறார் என்பது ஒருவர் செய்வது. முதலாவதிலிருந்து பதிவு, இரண்டாவதிலிருந்து பதிப்பு. பிரிகிறது பிரிவு, பிரிக்கிறது பிரிப்பு; அழிகிறது அழிவு, அழிக்கிறது அழிப்பு என்று தமிழில் வரிசையாக இருக்கிற ஏற்பாடுதான் இது, இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆகப் பதிவும் பதிப்பும் ஒரே வேர், உடன்பிறப்புகள். மலையாளத்திலும் இதே வினை உண்டு, புத்தகத்தின் பதிப்புக்கு அவர்களும் பதிப்பு என்றே சொல்கிறார்கள். பதிவு மட்டும் நம் பக்கத்தில் கொஞ்சம் வரம்பு தாண்டிவிட்டது. நிவாரண அட்டைக்கு, காணிக்கு, முகாமுக்கு என்று வன்னிச் சனம் பதிந்து பதிந்தே களைத்த சனம். "பேர் பதிஞ்சாச்சோ?" என்றுதான் கேட்போம், பதித்தாச்சோ என்று யாரும் கேட்பதில்லை. பெயரைப் பதித்தேன் என்று வர வேண்டியதைப் பதிந்தேன் என்கிறோமே என்று இலக்கணக்காரர் முகம் சுளிக்கலாம். வழக்கு நிலைத்துவிட்டது, இனி மாறாது.

சரி, அழுத்தி இறக்குவதைச் சொல்லும் சொல் ஏன் புத்தகத்துக்கு வந்தது? இதற்கு அகராதி வேண்டாம், உங்கள் கையில் இருக்கிற 1974ஆம் ஆண்டுப் பிரதியே போதும். ஒரு பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஈய எழுத்தில் அடித்ததென்றால் எழுத்துகள் மேடாகத் தட்டுப்படும். ஈய எழுத்து ஒவ்வொன்றும் இடம் வலம் மாறி வார்க்கப்பட்ட ஒரு சிறு கட்டை. அதைக் கோத்து, இறுக்கி, மேலே மை உருட்டி, தாளை வைத்து அழுத்தினால்தான் எழுத்து ஏறும். எழுத்து தேயத் தேய அழுத்தத்தைக் கூட்டுவோம், அப்போது மெய்யெழுத்தின் குற்று, அதாவது புள்ளி, தாளைப் பொத்தலாக்கிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பக்கம் முழுக்க ஊசிக்கண் போலத் தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் தாள் கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தபோது இது இன்னும் மோசம், அந்தத் தாளுக்குத் தாங்கும் பலம் இல்லை. பதிப்பு என்பது அந்த வேலையை அப்படியே சொல்கிற பெயர். இப்போதைய ஓவ்செற் அச்சில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை, மை மேலே ஒட்டுவதோடு சரி. பெயர் மட்டும் பழைய வேலையிலிருந்து வந்து நிற்கிறது. எடிஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்புத்தான் பதிப்பு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்தச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு வெளியே கொடுப்பது என்று பொருள், நம்முடையது உள்ளே இறக்குவது. இன்று இரண்டையும் ஒரே இடத்தில் பயன்படுத்துகிறோம் என்பது வேறு கதை.

அச்சு என்பது இதற்குப் பக்கத்துச் சொல், ஆனால் வேறு. அச்சு என்றால் வார்ப்பு, ஒன்றைப் போலவே இன்னொன்றை எடுத்துத் தருகிற உரு. அச்சுப் பலகாரம் சுட்டவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் அச்சு என்று ஒரு காசே இருக்கிறது. திருக்குறளில் உருள்பெருந்தேருக்கு வருகிற அச்சாணியின் அச்சு வேறு. அது வண்டியின் இருசு, வடமொழி அட்சத்திலிருந்து வந்தது என்று அகராதிகள் தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு சொற்கள், அவ்வளவுதான். பழைய புத்தகங்களின் முகப்பில் 'அச்சிற் பதிப்பிக்கப்பட்டது' என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தொடரைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீரும். அச்சு கருவி, பதித்தல் வேலை, பதிப்பித்தவர் அந்த வேலையைச் செய்வித்தவர். அச்சுக்கூடக்காரர் பதித்தார், ஆறுமுக நாவலர் பதிப்பித்தார். பதிப்பாசிரியர் என்ற பெயருக்கு உரிய மரியாதை இங்கேதான் தொடங்குகிறது.

தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் இன்று கிடைக்கும் மிகப் பழையது 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம். பிறகு தரங்கம்பாடி, அதன் பிறகு நம் பக்கம் அமெரிக்க மிஷனின் மானிப்பாய் அச்சுக்கூடம். உதயதாரகை பத்திரிகை 1841இல் தொடங்குகிறது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சு யந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை வைத்தார். அந்தக் காலத்தில் அச்சுக்கூடத்துக்கு யந்திரசாலை, முத்திராட்சரசாலை என்றெல்லாம் பெயர் இருந்தது. வடமொழிப் பெயர்கள் உதிர்ந்து அச்சுக்கூடமும் அச்சகமும் நின்றன. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் கொண்டுவந்தார். உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணியும் அதே 1887தான். இவர்கள் செய்தது சும்மா அச்சடிப்பு அல்ல. தொட்டால் ஓரம் சொரிகிற, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிற ஏடுகளைப் பல இடங்களிலிருந்து சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது) பார்த்து, இதுதான் மூலம் என்று தீர்மானித்தார்கள். முகப்பில் 'பரிசோதித்து' என்று போட்டது அதைத்தான். அதோடு காசு தேடுவதும் தாள் வாங்குவதும் பிழை பார்ப்பதும் விற்பதும் பெரும்பாலும் அதே ஆள்தான். அதனால் பதிப்பு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலை ஏறிக்கொண்டது: அச்சில் பதிப்பது, மூலத்தைச் செப்பம் செய்வது, நூலாக ஊருக்குக் கொடுப்பது. இன்றைக்குப் பதிப்பாளர், பதிப்பாசிரியர், பதிப்பகம் என்று நாம் பிரித்துப் பிரித்துக் குழம்புவதெல்லாம் அந்த ஒருவரின் மூன்று வேலையைத்தான்.

இதுவரை சொன்னது உறுதியானவை. இனிச் சந்தேகத்துக்கு உரியவை. பதிப்பு என்ற சொல்லை நூலுக்கு முதலில் வைத்தவர் இன்னார்தான் என்று யாராவது ஒரு பெயரைச் சொன்னால் சான்று கேளுங்கள். அந்தக் காலத்து முகப்புகளில் எல்லோரும் ஒரே வாய்ப்பாட்டைத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் சூட்டிவிட முடியாது. அடுத்தது பதி என்றால் ஊர் என்ற பொருள். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் புகாரைச் சொல்லும்போது 'பதியெழு வறியாப் பழங்குடி' என்று வரும், தன் ஊரை விட்டு எழுந்து போக நேராத பழைய குடிகள் என்று பொருள். நம் ஆட்களுக்கு அந்த வரி நெஞ்சில் குத்தும், அதனால் மேடைகளில் அடிக்கடி கேட்கலாம். மனிதர் பதிந்த இடம் பதி, எழுத்துப் பதிந்தது பதிப்பு, ஆகவே இரண்டும் ஒன்று என்று அதே மேடையில் சொல்லி முடிப்பார்கள். இருக்கலாம், ஆனால் பொருத்தமாகத் தெரிவது வேறு, நிறுவப்பட்டது வேறு. இதை உங்கள் முன்னுரையில் உறுதியாக எழுத வேண்டாம். தளபதி, அதிபதி ஆகியவற்றின் பதியோ தலைவன் என்ற வடசொல், அதற்கும் இதற்கும் ஒட்டே இல்லை. பதிகமும் நம் பதிப்பின் வேர் அல்ல. தேவாரப் பதிகத்தைப் பத்தோடு சேர்த்துப் பார்ப்பதுதான் வழக்கமான விளக்கம். பாயிரத்துக்கும் பதிகம் என்று ஒரு பெயர் உண்டு, நன்னூலின் முதல் சூத்திரத்தில் முகவுரை, அணிந்துரை, நூன்முகம் ஆகியவற்றோடு வரிசையாக வரும். நம்மூர்ப் புத்தகங்களில் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டு வருகிற அணிந்துரை அவ்வளவு பழைய சொல் என்பது பலருக்குத் தெரியாது. (அதற்காக ஆறு பேரிடம் அணிந்துரை வாங்க வேண்டாம். ஒன்று போதும்.)

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். பதிப்புக்கும் அச்சுக்கும் நம் ஆட்கள் வேறுபாடு பார்க்காததற்கு அறியாமை காரணம் இல்லை, ஈய எழுத்துத்தான் காரணம். சின்ன அச்சகம் ஒன்றில் இருக்கிற எழுத்து எட்டுப் பக்கத்துக்கோ பதினாறு பக்கத்துக்கோதான் காணும். தமிழில் ஒற்றைக்கொம்பும் குற்றிட்ட மெய்களும்தான் முதலில் தீரும். ஆகவே எட்டுப் பக்கம் கோத்து, புறூவ் எடுத்துப் பிழை பார்த்து, அடித்து முடிந்ததும் அந்தக் கோப்பை, அதாவது கோத்து வைத்த எழுத்துத் தொகுதியை, கலைத்து, எழுத்துகளைக் கழுவி, பழையபடி அறைகளில் போட்டுவிட்டுத்தான் அடுத்த எட்டுப் பக்கம். புத்தகத்தின் கடைசிப் பக்கம் அச்சாகும்போது முதல் பக்கத்தின் கோப்பு உலகத்திலேயே இல்லை. ஐந்து வருடம் கழித்து அதே புத்தகம் தேவைப்பட்டால் ஒரு சொல்லும் மாற்றாவிட்டாலும் முழுவதையும் மறுபடி கோக்க வேண்டும். மறுபடி கோத்தால் புதுப் பிழை வரும், பழைய பிழை சில போகும், வரி முறிவும் பக்க எண்ணும் மாறும். நூலியல்காரரின் கணக்குப்படி ஒரே கோப்பிலிருந்து எடுத்தவை எல்லாம் ஒரு பதிப்பு, அதில் ஒவ்வொரு தடவை அடிப்பதும் ஒரு அச்சு. நம்மிடம் கோப்பே நிற்காததால் ஒவ்வொரு தடவையும் உண்மையிலேயே புதுப் பதிப்புத்தான். அப்பப்பா காலத்தவர்கள் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று போட்டுக்கொண்டு போனதில் ஒரு பிழையும் இல்லை. சிங்களப் புத்தகங்களைத் திறந்தால் 'பிரதம முத்ரணய' என்று இருக்கும், முதல் அச்சு என்பதுதான் அது. அவர்கள் அந்தப் பக்கத்தில் அச்சை எண்ணுகிறார்கள், நாம் பதிப்பை எண்ணுகிறோம்.

ஓவ்செற் வந்து, பிறகு பிடிஎஃப் வந்ததும் கோப்பு அழியாமல் நிற்கத் தொடங்கியது. 200 பிரதி இன்றைக்கு, விற்றால் இன்னும் 100 அடுத்த மாதம், எல்லாம் ஒரே கோப்பிலிருந்து. இப்போதுதான் பதிப்பும் அச்சும் உண்மையாகவே வேறு வேறு ஆகின்றன, பழைய பழக்கத்தில் நாம் இன்னும் இரண்டையும் பதிப்பு என்கிறோம். ஒரு எழுத்தும் மாற்றாமல் ஐந்தாம் பதிப்பு, ஆறாம் பதிப்பு என்று அட்டையில் போடுவது விற்பனைக்கு நன்றாக இருக்கும், வாசகரை ஏய்ப்பதாகவும் இருக்கும். மாற்றமில்லாமல் திரும்ப அடித்தால் 'முதற் பதிப்பு, இரண்டாம் அச்சு' என்பதுதான் சுத்தம். மறுபதிப்பு, மீள்பதிப்பு என்ற இரண்டும் இந்த இடத்தில் வழுவழுப்பான சொற்கள். ஒருவர் திருத்திய பதிப்புக்குப் போடுவார், இன்னொருவர் வெறும் மறு அச்சுக்குப் போடுவார். பழைய பக்கங்களை அப்படியே ஸ்கேன் எடுத்து அச்சிட்டால் மட்டும் மீள்பதிப்பு என்று போட்டு, எந்த ஆண்டுப் பிரதியிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

வெளியீடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியிடு என்பதிலிருந்து வெளியீடு. இடு ஈடானது, கெடு கேடானது போல. அச்சுக்கும் அதற்கும் உறவே இல்லை, இணையத்தில் மட்டும் விட்டாலும் வெளியீடுதான். நம் பக்கத்தில் மண்டபம் எடுத்து, மங்கல விளக்கேற்றி, முதற் பிரதியை ஒரு வர்த்தகர் வாங்கி, நயவுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை என்று பொழுதுபட நடத்துவதே வெளியீடு என்று ஆகிவிட்டது. பழைய அரங்கேற்றத்தின் மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றும், அதைக் கிண்டல் செய்ய மனம் வராது. பிரசுரம் வடசொல். அங்கே அதற்கு மிகுதி, ஏராளம் என்று பொருள். தெலுங்கிலும் நூல் வெளியீட்டுக்குப் பிரசுரணை என்பார்கள். நம்மிடம் அது இப்போது துண்டுப் பிரசுரத்தோடு ஒதுங்கிவிட்டது. போர்க் காலத்தில் வானத்திலிருந்து கொட்டியவற்றைப் பார்த்தவர்களுக்கு ஏராளம் என்ற பொருள் சரியாகத்தான் படும்.

ஆக உங்கள் இரண்டாம் பக்கத்துக்கு என் யோசனை இது. புதிதாகத் தட்டெழுதுகிறீர்கள், குறிப்பும் சேர்க்கிறீர்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இது 'இரண்டாம் பதிப்பு (திருத்தி விரித்தது)'. அதற்கு மேலே 'முதற் பதிப்பு: 1974' என்ற வரியைக் கட்டாயம் விடுங்கள், பழைய அச்சகத்தின் பெயரையும் சேர்த்து. ஆசிரியர் அப்பப்பா மட்டுமே. குறிப்பு எழுதி மூலத்தை ஒழுங்குபடுத்துகிற நீங்கள் பதிப்பாசிரியர், அதைப் போட வெட்கப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பெயரைப் போட்டால் அதற்குரிய வேலையும் உண்டு: நீங்கள் சேர்த்தவை எல்லாம் அடிக்குறிப்பிலோ பகர அடைப்புக்குள்ளோ தனியாகத் தெரிய வேண்டும், அவருடைய வசனத்துக்குள் கலக்கக் கூடாது, அவருடைய முகவுரையை எடுத்துவிடக் கூடாது. கொட்டை எழுத்தில் 'அச்சுப் பதிப்பு' என்று போட்டு அச்சகத்தின் பெயர் எழுதுகிற வழக்கம் நம் நாட்டில் உண்டு. அதில் பதிப்பு என்றால் பழைய நேர்ப் பொருள், அச்சடித்தது என்பது. குழப்பமாகப் பட்டால் 'அச்சு' என்று மட்டும் போடுங்கள். பணம் போடுகிற குடும்பமோ சனசமூக நிலையமோ வெளியீடு என்ற இடத்தில் வரும்.

பதிப்புரிமையைச் சும்மா 'ஆசிரியருக்கு' என்று எழுதிவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும் உரிமை நிற்கும், ஆகவே அது இப்போது அவருடைய வாரிசுகளுக்கு உரியது. வெளிநாட்டில் இருக்கிற பெரியப்பா, மாமிமார் எல்லோரிடமும் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள், விழா முடிந்த பிறகு அந்தப் பேச்சு எழும்பினால் அழகில்லை. ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைக் கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் எடுக்கலாம். இரண்டாம் பதிப்புக்கு ஒரு எண், பிறகு மாற்றமில்லாமல் மறு அச்சுப் போட்டால் அதே எண், இன்னொரு தடவை விரித்து எழுதினால் புதிய எண். பதிப்பா அச்சா என்பது இங்கே வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பது அப்போது விளங்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பிரதியில் கரையான் அரித்த நாலு பக்கம் வாசிக்க முடியவில்லை, நினைவில் இருப்பதை வைத்து நிரப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிரப்பாதீர்கள், இப்போதைக்கு. இந்த நாட்டில் அச்சகத்தார் தாங்கள் அடிக்கிற நூலின் பிரதிகளை அரசாங்கத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் சேரும். அனுப்பாமல் விட்ட அச்சகங்களும் நிறைய, ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் செலவு ஒரு பஸ் ரிக்கற்தான். போகும்போது நூலின் பெயரை மட்டும் கொண்டு போக வேண்டாம். ஆசிரியர் பெயர், அச்சகத்தின் பெயர், ஆண்டு, மாதம் நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள், உங்கள் பிரதியின் முகப்பையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் 'நூலகம்' என்ற பெயருடைய தளத்திலும் ஒரு தடவை தேடுங்கள். ஈழத்து நூல்களை 2005இலிருந்து அவர்கள் மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள், சிறிய கோயில் பிரசுரங்கள் கூட அங்கே நிறையக் கிடக்கின்றன. இரண்டு இடத்திலும் இல்லை என்றால் அந்தப் பக்கங்களில் வாசிக்க முடிந்த வரிகளை மட்டும் போட்டு, சிதைந்த இடத்தில் புள்ளிகள் இட்டு, 'முதற் பதிப்பின் பிரதியில் சிதைவு' என்று கீழே எழுதிவிடுங்கள்.